எழுநூற்றுப் பதினேழாவது சுற்று

என் தபால் பாதை அறுபத்து நான்கு மைல்.
நான் சொல்லவில்லை, இலாகா சொல்கிறது.
பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர்
அளவுச் சக்கரம் பூட்டிய வண்டியில் வந்து
நெப்ராஸ்காவின் இந்த மூலையை
முழம் போட்டுவிட்டுப் போனார்.
அந்த அறுபத்து நான்குக்குத்தான் எனக்குச் சம்பளம்.
இருநூற்றுப் பதினோரு பெட்டிகள், இரண்டு பாலம்,
கடிக்கிற நாய் ஒன்று,
கடிப்பதாகப் பேர் வாங்கிய நாய் மூன்று.

புது மின்சாரக் கார் முதல் நாளே
எழுபது என்றது.

சுற்றிப் போயிருப்பேன் என்று நினைத்தேன்.
மக்காச்சோளம் தவிர ஒன்றுமில்லாத நாட்டில்
எதைச் சுற்றுவது?
மறுநாளும் எழுபது. பனி கொட்டிய நாளும் எழுபது.
டயருக்குக் காற்றடித்தேன். எழுபது.
நோட்டில் இரண்டு பத்தி போட்டேன்,
இடப்பக்கம் சாலை, வலப்பக்கம் கார்.
கணக்கு உதைத்தது,
தினம் ஆறு மைல் உதை.

எழுநூற்றுப் பதினேழாவது சுற்றில்
வர்ப்காக்களின் வேலியோரம்
முன்சக்கரத்துக்கடியில் ஏதோ முறிந்து கார் முழங்காலிட்டது.
திரை சொன்னது: ஐம்பதாயிரத்து இருநூற்றொன்று.
உத்தரவாதம் ஐம்பதாயிரத்தோடு சரி.
"இருநூற்றொரு மைல் தாமதம், மேடம்,"
தொலைபேசியில் ஒரு பையன்,
உண்மையாகவே வருந்துகிற குரல்.
வாங்கும்போதே பதினொன்று காட்டியது என்றேன்.
அதையும் குறித்துக்கொண்டான்.

பிறகு கடிதம் வந்தது:
மீட்டர் தூரத்தை அளப்பதில்லை, மதிப்பிடுகிறது.
அதை நானே கொண்டுவந்து
எனக்கே பட்டுவாடா செய்தேன்.

நாலாயிரத்து முந்நூற்றிரண்டு மைல்.
இங்கிருந்து பசிபிக் வரை போய்,
திரும்பி வந்து,
குடையை மறந்துவிட்டேனென்று மறுபடி போயிருக்கலாம்.
நான் கடலே பார்த்ததில்லை.

எமில் ஹ்ரூஷ்கா பழைய கார் விற்றவர்.
துளைபோடும் எந்திரத்தை வைத்து
மைல்களைப் பின்னுக்குச் சுழற்றியதற்காகப்
பதினாலு மாதம் உள்ளே இருந்தவர்.
என் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டுச் சொன்னார்:
"திசையைத் தப்பாகப் பிடித்துவிட்டேன், லொரெட்டா."

அப்புறம் பெட்டிகளில் துண்டுச்சீட்டுகள் கிடக்கத் தொடங்கின.
என் கார் இவ்வளவு, பாலத்துக்குப் பாலம் இவ்வளவு,
வேறு கம்பெனிதான், ஆனாலும் பார்.
தபால்தலை இல்லாமல் பெட்டியில் எதையும் போடக்கூடாது, சட்டம்.
என் காசில் ஒட்டினேன்.
ட்வைலா ஓஸ்டர்கார்ட் தானியக்கிடங்கின் எடைமேடையில்
தன் நாயை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள்.
யாரோ பெட்ரோல் பம்பை வாளியால் சோதித்தார்கள்.
ஒரு வீட்டின் காணாமல்போன நாற்பது மைல்
மகன் ராத்திரி யாரையோ பார்க்கப் போனது.
அந்தச் சண்டைக்கு நான்தான் காரணம்.
சந்தேகத்துக்கு உத்தரவாதக் காலம் கிடையாது.

முறிந்ததைச் சொந்தப் பணத்தில் மாற்றினேன்.
மார்ச்சில் ஒரு ராத்திரி, நான் தூங்கும்போது,
கார் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது.
காலையில் திரையில் ஒரே வரி: சிறு திருத்தங்கள்.
அன்றைய சுற்று
அறுபத்து நான்கு.

மறுநாளும் அறுபத்து நான்கு.
மன்னிப்பு இல்லை, கடிதம் இல்லை,
அந்த நாலாயிரத்துச் சொச்சம் அப்படியே மொத்தத்தில் கிடக்கிறது,
யாரும் போகாத ஒரு சாலை.

"சரியாகிவிட்டதே, இன்னும் என்ன?" என்கிறார்
போஸ்ட்மாஸ்டர்.
பொய் சொன்ன நாட்களில் என் சந்தேகம் ஆறு மைல்தான்.
இப்போது அறுபத்து நான்கும்.

நோட்டில் இன்னும் இரண்டு பத்தி.
இரண்டிலும் ஒரே எண்.
வலப்பக்கத்தை மட்டும்
பென்சிலால் எழுதுகிறேன்.